தொடாமல் வெட்டுவது

பசுமலையில் மரம் கழிக்கிற தொழில் எங்களுக்கு. அப்பா அரிவாளை எடுக்குமுன் அடிமரத்தில் கைவைத்து, "குடியிருக்கிறவங்க கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்பார். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் இந்த முறை உண்டு: முதல் நாள் இரவே மரத்துக்குப் பூசை செய்து, அதில் வாழும் பூதங்களை வேறிடம் போகச் சொல்லிவிட்டு, விடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

நான் இப்போது ஸ்பைடர் லிப்ட் வாடகைக்கு எடுக்கிறேன். ரப்பர் பட்டையில் ஊர்ந்து வீட்டு கேட்டுக்குள் நுழைந்துவிடும். நான்கு கால்களை விரித்து, அடியில் பலகை கொடுத்து நிறுத்தினால், கூடை உச்சிக்கொப்பு வரை போகும். அதில் நிற்பவன் மரத்தைத் தொடவே வேண்டாம்.

அங்கேதான் எனக்கு உறுத்தல். தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு சொல்கிறது. அந்த ஓரறிவு தொடுவுணர்வு. சமணமும் அதையே சொல்லும். பக்கத்துக் கீழக்குயில்குடி மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கவைத்தவர்களின் கணக்கில் கொப்பை வெட்டுவதும் இம்சைதான். தொடுதல் மட்டுமே தெரிந்த உயிரிடம், தொடாமல் எப்படி அனுமதி கேட்பது?

முன்பு கயிற்றில் தொங்கி வெட்டியவனுக்குப் பயம் இருந்தது. அதையே பக்தி என்று சொல்லிக்கொண்டோம். (விழுந்தவர்கள் வீட்டில் போய்ப் பக்தியைப் பற்றிப் பேச முடியாது.) ஆனால் தொங்குகிறவன் கை எட்டிய இடத்தில் வெட்டுவான். மிஞ்சும் கட்டை அழுகி, அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும். கூடையில் நின்றால் கொப்பு புறப்படும் வீங்கிய கழுத்தை விட்டு, அதை ஒட்டி வெளியே அறுக்கலாம். அப்போது மரமே புதுப்பட்டை வளர்த்துக் காயத்தை மூடிக்கொள்ளும். மணிக்கணக்கு வாடகை ஓடுகிறதென்று ஆபரேட்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.