சுத்தமாயிரு என்று சொல்கிறவர்களிடம் சில கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உடல்நலம் கற்பிப்பது நல்ல காரியம். இதில் யாரோடும் நமக்குச் சண்டையில்லை. எதை உடல்நலம் என்று கற்பிக்கிறோம் என்பதில்தான் சண்டை. தமிழில் சுகாதாரம், சுத்தம், தீட்டு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. முதலாவது மருத்துவத்தைச் சேர்ந்தது. மூன்றாவது சாதியைச் சேர்ந்தது. நடுவில் நிற்கும் ‘சுத்தம்’ இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறது. ‘சுத்தமா இருடா’ என்று வாத்தியார் சொல்லும்போது எந்தப் பக்கத்துச் சொல்லைச் சொல்கிறார்?

1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அதன்பிறகு சாதி இந்துக்கள் சாணி, கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் கொண்டு மந்திரம் ஓதி அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணியைக் கரைப்பதை எந்தச் சுகாதாரப் பாடம் ஒத்துக்கொள்ளும்? ஆனாலும் அதற்குப் பேர் சுத்தம்தான்.

வேங்கிக்காலுக்கு வருவோம். 1989இல் பிறந்த திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான சனம் மலையைச் சுற்றிப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு போகிறது. குப்பையையும் மலத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அதை அள்ளுவது யார்? தீபத் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களை வரவழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அசிங்கம் பண்ணினவன் சுத்தமானவன், அதை அள்ளினவ அசுத்தமானவ. அந்த அள்ளினவளோட புள்ளதான் மறுநாள் வகுப்பில் நகம் வெட்டியிருக்கிறதா என்று கையை நீட்டிக் காட்டுகிறது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி மாணவர்களுக்கான நலவாழ்வுக் கல்வி 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு 2 ஆசிரியர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம், 11 தலைப்புகள். மனநலம், சத்துணவு, பாலினச் சமத்துவம், போதைத் தடுப்பு, மனித உறவுகள், வன்முறையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் உண்டு. தலைப்புகளில் சாதி மட்டும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதை எந்தத் தலைப்பில் நடத்துவது? வன்முறையிலா, மனநலத்திலா, மனித உறவுகளிலா?

சத்துணவுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். நல்லது, தரட்டும். ‘கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு’ என்றும் சொல்கிறார்கள். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம். எங்க சனத்துக்குக் கட்டுப்படியாகிற இறைச்சி மாட்டுக்கறி. அந்தப் பேரை எத்தனை வகுப்பறைகளில் வாய்விட்டுச் சொல்ல முடியும்? சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். இரத்தம் ஊறுகிற சோற்றை வீட்டில் தின்றுவிட்டு, அதைச் சொல்லக் கூசுகிற பெண்ணுக்கு எந்த மாத்திரையைக் கொடுப்பது?

இங்கேதான் அறம் பற்றிய கேள்வி வருகிறது. ஒருவரால் செய்ய முடியாததை அவருடைய கடமை என்று சொல்வது அறமாகுமா? தண்ணீர் வராத தெருவில் இருக்கிறவனிடம் தினம் குளி என்று சொல்லும் பாடம், குளிக்காத குற்றத்தையும் சேர்த்து அவன் தலையில் வைக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். ஏறிப் பார்த்தால், தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம். அந்தக் குழந்தைகள் எவ்வளவு சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தாலும் என்ன பயன்? கிருமிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கிருமி வந்து சேர்கிற பாதை சாதியின் பாதையாக இருக்கிறது.

‘அப்படியானால் பிள்ளைகள் கை கழுவ வேண்டாமா? எல்லாத்துக்கும் சமூகத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாமா?’ என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கழுவத்தான் வேண்டும். கிருமியைப் பற்றிய அறிவு யார் வீட்டுச் சொத்தும் அல்ல. நோய் கர்மவினையால் வருவதில்லை என்று சொல்லிக்கொடுத்த அறிவு அது. அதை நாம் விட்டுத்தரக் கூடாது. பொறுப்பு வேறு, பழி வேறு. தன் உடம்புக்குத் தான் பொறுப்பு என்று ஒரு பெண் கற்றுக்கொள்வது விடுதலை. தன் நோய்க்குத் தானும் தன் தெருவும்தான் காரணம் என்று கற்றுக்கொள்வது அடிமைத்தனம். ஒரே பாடத்திலிருந்து இரண்டும் வரலாம். எது வரும் என்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எந்தத் தெருவில் போய் முடிகிறது என்று மாணவர்கள் கேட்க வகுப்பில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறுவன் டெங்குக் காய்ச்சலில் படுத்தான். தாய் விசாரித்தபோதுதான், பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்தது. புகாரின்பேரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அந்தப் பள்ளியிலும் சுகாதாரப் பாடம் இருந்திருக்கும். கை கழுவும் படமும் சுவரில் ஒட்டியிருக்கும்.

ஆகவே உடல்நலம் கற்பிக்க வருகிற ஆசிரியர்கள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதட்டும்: இந்தப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவுவது யார், அவருக்கு என்ன சம்பளம், கையுறை கொடுத்திருக்கிறோமா? பதிலைப் பிள்ளைகளே போய் விசாரித்துக்கொண்டு வரட்டும்.