எந்தத் தெருவுக்கும் வந்த நாயகம்



சித்தத்தில் சிறிது கோளாறுள்ள ஒரு பெண்மணி, அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்கொரு தேவை இருப்பதாகச் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் முகஞ்சுளிக்கவில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையாக விளித்தார்கள். அவர் விரும்பும் எந்தத் தெருவுக்கும் தாம் வருவதாகக் கூறினார்கள். அவ்வாறே பாதையோரத்தில் நின்று, அவர் தம் காரியம் முடியும்வரை உடனிருந்தார்கள். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அப்பெண்மணி ஊரை விட்டு ஒதுக்கப்படவில்லை. ஊராரோடு ஊராராக, ஒரு தாயாக அறியப்பட்டு வாழ்ந்தார். நம் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் எங்கே?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. விடுதிக்காரர்களை நாம் ஏசினோம். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்று கேட்டோமா? வேறு வழி தெரியாமல் விட்ட குடும்பங்களும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குத் துணை நிற்காத மஹல்லாவும் பதில் சொல்ல வேண்டாமா?

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநலக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாதென்றும் கூறுகிறது. சென்னையில் 1993-ல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, நெடுங்காலம் காப்பகங்களில் கிடந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடிவைத்து, உதவிக்கு ஆளும் அமர்த்துகிறது. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள்.

ஆஸ்பத்திரி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நோய் முற்றும்போது வைத்தியம் அவசியம். ஆனால் நோய் தணிந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி வாசலையே பார்த்திருப்பது நோயல்ல; நமது குற்றம்.

திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 5-வது வசனத்தில், பொருளை நிர்வகிக்கும் அறிவு வாய்க்காதவர்களுக்கு உணவும் உடையும் அளிக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். அத்துடன் நிறுத்தவில்லை; அவர்களிடம் இனிய சொல் பேசவும் கட்டளையிடுகிறான். சோறும் துணியும் பணம் அனுப்பினால் கிடைத்துவிடும். இனிய சொல்லை மணியார்டரில் அனுப்ப முடியுமா?

ஆகவே, குணமாகி வருபவருக்கு வாடகை வீடு மறுக்காதிருப்போம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க உடன் செல்வோம். ஏழையாயின் ஜகாத்தில் பங்களிப்போம். பைத்தியம் என்னாமல் பெயர் சொல்லி அழைப்போம். தொழுகை வரிசையில் அவருக்கு இடம் விடுவோம். நிக்காஹ் விருந்துக்கு அவரையும் அழைப்போம். பராமரிக்கும் தாய் ஒருநாள் ஓய்வெடுக்க, நம் வீட்டுப் பெண்கள் சென்று அமரட்டும்.

ஒதுக்கப்பட்டோரை நம் தெருக்களுக்கு மீட்டுவர வல்ல நாயன் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.