உறங்காதவன் குற்றவாளியா?

விழித்திருந்து செய்யும் செயலுக்கு மனிதன் பொறுப்பாளி என்பதை எவரும் மறுக்கார். உறங்க இயலாமைக்கும், உறக்கத்தில் வரும் கொடுங்கனவுக்கும் அவன் பொறுப்பாளியாவானா? நம் சமூகம் இதற்கு இரண்டு விடைகளை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கின்றது. இரவில் திடுக்கிட்டெழுந்தால் "பேய் அமுக்கிற்று" என்பது ஒன்று. காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் "சோம்பேறி" என்பது மற்றொன்று. முன்னதற்குத் தாயத்தும், பின்னதற்கு வசையும் மருந்தாக வழங்கப்படுகின்றன. இரண்டினாலும் எவருக்கும் உறக்கம் வந்ததாக நாம் கேட்டதில்லை.

கவனக்குறைவுக் கோளாறு என்பதொன்று உண்டு. குழந்தைகட்கே உரியதென்று நெடுநாள் எண்ணப்பட்ட அது, வளர்ந்த பின்னும் பலரிடத்து நீடிப்பது இன்று தெளிவு. அவர்களிற் பலருக்கு உடலின் உட்கடிகாரமே பிந்தி ஓடுகின்றது. இரவு வந்ததென்று உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு அவர்கட்குக் காலந்தாழ்ந்தே சுரக்கின்றது. நள்ளிரவு கடந்தும் மனம் ஒரு நினைவினின்று மற்றொன்றிற்குத் தாவிக்கொண்டிருக்கும். கொடுங்கனவும் அவர்களை அடிக்கடி வருத்துவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. கனவு மிகும் உறக்கநிலையைச் சிகாகோப் பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் 1953இல் உலகிற்கு அறிவித்தனர். அந்நிலை இரவின் பிற்பகுதியிலேயே நீண்டு வருவது. ஆதலின் விடியலுக்குமுன் திடுக்கிட்டெழுபவனை ஆட்டுவது பேயன்று, மூளையின் தொழிலே.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர், அறிவிற் குறையாதிருந்தும் தம்மை அடக்கவியலாத சிறுவர்களைப்பற்றிச் சொற்பொழிவாற்றியபொழுது, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே குறித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்தகைய நிலைக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயரிட்டது. ஒழுக்கம் என்ற சொல் நீங்கிய அவ்விடத்தில் ஒரு நீதி பிறந்தது என்போம்.

"அங்ஙனமாயின் எல்லாவற்றையும் நோயென்று சொல்லிக் கடமையினின்று தப்பலாமே" என வினவுவாரும் உளர். தப்ப இயலாது. நோய் வந்தது அவன் குற்றமன்று. அறிந்தபின் தீர்வு தேடுவது அவன் பொறுப்பு. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், மாலையில் காப்பியை விடுத்தல், படுக்கையினின்று கைப்பேசியை அகற்றல், மருத்துவரைக் காணல் ஆகியவை அவனால் ஆகும். கொடுங்கனவைப் பகலில் எழுதி, அதன் முடிவைத் தான் விரும்பியவாறு மாற்றி, அம்மாறிய கனவை நாள்தோறும் மனத்திற் பயின்று நலம் பெற்றோர் பலர்.

ஆனால், வைபவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பிறர் கூறும் வசையை நாளடைவில் அவனே நம்பிவிடுகின்றான். தன்னைச் சோம்பேறியென நம்பியவன் மருத்துவரிடம் செல்லான். தன் துன்பத்தை மனைவியிடமும் மறைப்பான். கடமையை உணர்த்துவதாக எண்ணி நாம் வீசும் சொல்லே அவன் கடமைக்குத் தடையாகி நிற்கின்றது.

ஆகவே நேயர்களே, பிந்தி வந்தவனை வையுமுன், "இரவு உறங்கினாயா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.