பாட்டியின் முட்டி, எலியின் பாதம், ஜடாயுவின் பசி



பழனிக்கு 693 படி. விஞ்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு, ஆனாலும் "நடந்துதான் ஏறுவேன்" என்று அடம் பிடிக்கிற பாட்டிகள் நம்ம எல்லார் வீட்டிலும் உண்டு. அவங்க மஞ்சப்பையில் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு அட்டை முட்டிவலி மாத்திரையும் இருக்கும்.

ஒசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, சஷ்டி விரதத்துல முட்டை கூடத் தொடமாட்டோம். ஆனா அந்த மாத்திரை எலியை வதைச்சுத்தானே வந்தது? அப்போ நம்ம விரதத்துக்கு என்ன அர்த்தம்?"

மழுப்பாமல் பேசணும் என்றால் முதலில் என்ன நடக்குது என்று தெரியணும். கடல்பாசியிலிருந்து எடுக்கிற கராஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசியாகப் போடுவாங்க. சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். புது மருந்து கொடுத்தால் வீக்கம் எவ்வளவு குறையுது என்று அளப்பாங்க. மூட்டுவாதத்துக்கு வேறொரு ஊசி இருக்கு, அதில் வாரக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் எலிக்கு மருந்தே கிடையாது. அதுங்க வலியைக் குறைக்க வேறு எதையாவது கொடுத்தால் கணக்கே தப்பாயிடும். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

"சூரபத்மனே வதைபட்டுத்தானே மயிலாகவும் சேவலாகவும் ஆனான், எலிக்கும் அதுபோல புண்ணியம்தான்" என்று ஒருத்தர் பதில் போட்டிருந்தார். மன்னிக்கணும், இந்த ஒப்பீடு சரியில்லை. சூரன் தெரிஞ்சே போருக்கு வந்தவன். எலி எந்தப் போருக்கும் வரவில்லை. அது வேற, நம்ம அண்ணன் பிள்ளையாரோட வாகனம்! நம்ம வசதிக்கு ஒரு உயிரை நோகவைச்சிட்டு அதுக்குப் புராணத்தில் சாக்கு தேடக்கூடாது.

அப்படியென்றால் சோதனையே வேண்டாமா? அங்கேதான் கழுகு கதை வருது.

டைக்ளோஃபெனாக் 1973-இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா-கைகி கம்பெனி உருவாக்கிய வீக்கம் குறைக்கும் மருந்து. மனுஷன் முட்டிக்கு நல்லா கேட்டது. பிறகு மாட்டுக்கும் போட்டாங்க, மாட்டுக்கும் நல்லா கேட்டது. ஆனால் ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்பது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த இறைச்சியைத் தின்ற பாறுக் கழுகுக்கு சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் சாவு. 1990-களில் தொடங்கி 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுக் கழுகு நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துபோச்சு. சோதனை செய்ததால் வந்த அழிவு இல்லை இது. சோதிக்க வேண்டிய உயிரைச் சோதிக்காததால் வந்தது.

காரணம் 2004-இல்தான் உறுதியானது. அதுக்காக பாகிஸ்தானில், அடிபட்டு இனி பறக்கவிட முடியாத கழுகுகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. சில செத்தன. அடுத்து மாற்று மருந்து தேடணும். மெலாக்சிகாமை முதலில் ஆப்பிரிக்கக் கழுகுகளுக்கு, குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தாங்க, பிறகு நம்ம நாட்டுக் கழுகுகளுக்கு. அதுங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2006-இல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. மனுஷனுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, 2015-இல் குப்பி அளவை 3 மில்லியாகக் குறைத்தாங்க. அதை எதிர்த்துப் போன வழக்கில், 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது.

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பழைய பேர் புள்ளிருக்குவேளூர். புள் என்றால் ஜடாயு, இருக்கு என்றால் வேதம், வேள் நம்ம முருகன், ஊர் சூரியன். நோய் தீர்க்கிற சாமியின் ஊர்ப் பேரிலேயே கழுகும் முருகனும் பக்கத்தில் பக்கத்தில் நிக்கிறாங்க. முத்துக்குமாரசுவாமியைக் கும்பிடப் போறவங்க ஜடாயு குண்டத்தையும் பார்த்துட்டுத்தான் வரணும்.

அதனால தம்பிக்கு என் பதில்: மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம், பாட்டியைத் தவிக்கவிடுவது எந்த விரதத்திலும் சேராது. ஆனால் அந்த எலிக்கு நாம் கடன்பட்டவங்க, அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. ஏற்கெனவே பத்து கம்பெனி விற்கிற மருந்தையே கொஞ்சம் மாற்றி, புதுப் பேர் வைத்து விற்கவா இன்னொரு கூட்டம் எலி? அதை நான் ஒத்துக்கமாட்டேன். இங்கே எந்தச் சோதனைக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேணும். 2023-இல் வந்த விதித் திருத்தம், மனித செல்களை வைத்துச் செய்கிற சோதனையையும் ஏற்குது. அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போற நம்ம பிள்ளைகள் நிறைய பேர். "இதுக்கு எலி வேணுமா, செல் போதாதா?" என்று உள்ளே இருந்து கேட்க அவங்களால்தான் முடியும்.

இன்னொரு விஷயம். நம்ம எல்லையைத் தாண்டி ராமநகராவில், ஷோலே படம் எடுத்த அதே பாறை மலையில் கழுகு சரணாலயம் இருக்கு. தளி, கெலமங்கலம் பக்கம் மாடு வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைகள், மாட்டுக்கு வலி ஊசி போடும்போது என்ன மருந்து என்று கால்நடை டாக்டரிடம் கேளுங்க. கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-இல் மாட்டுக்குத் தடை பண்ணிட்டாங்க. மெலாக்சிகாம் போட முடியுமா என்று கேளுங்க.

ஓம் சரவணபவ.