பதினெட்டு வயதில் இடும் கையெழுத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வயோதிபத் தாய் ஒருவர் என்னைக் காண்பதற்காகக் காத்து நின்றார். அவருடைய மகளின் மகன் ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்தவன். சென்ற ஆவணியில் அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர்ந்திருக்கின்றான். படிப்புச் செலவை இராணுவம் ஏற்றுக்கொண்டுள்ளது. பட்டம் பெறும் நாளில் அவன் இராணுவ அதிகாரியும் ஆவான். "சுவாமி, பொடியன் பட்டாளத்துக்குப் படிக்கிறானாம். இது பாவமோ?" என்று கேட்டார் அந்தத் தாய். சீருடையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்ட காலங்களைக் கடந்து வந்தவர் அவர். அவருடைய கேள்வியில் இருந்த பயத்தை நான் உணர்ந்தேன். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இப்பயிற்சி முறையின் வரலாறு நீண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டில், அரச நிலத்தின் வருவாயாற் கல்லூரிகளை நிறுவும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அக்கல்லூரிகளிலே படைப்பயிற்சியும் கற்பிக்கப்படவேண்டும் என்றது அச்சட்டம். 1916இல் இது ஒழுங்கான அமைப்பாக உருவாயிற்று. மேலதிகப் படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் குழு என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ஆர்.ஓ.ரி.சி. என்பார்கள். மாணவன் விடியற்காலையில் உடற்பயிற்சி செய்கின்றான். பகலிலே தன் சொந்தப் பாடங்களுடன் இராணுவப் பாடமும் படிக்கின்றான். கோடை விடுமுறையிற் பாசறைக்குச் செல்கின்றான். நான்காம் ஆண்டின் முடிவிலே தரைப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆகின்றான். இன்று அமெரிக்கத் தரைப்படைக்குப் புதிய அதிகாரிகளை வழங்கும் வழிகளில் இதுவே மிகப் பெரியது. நோட்டர் டேம், ஜோர்ஜ்டவுன் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இது நடைபெறுகின்றது.

இதற்குச் சார்பாகச் சொல்லப்படும் நியாயம் இலேசாகத் தள்ளிவிடக் கூடியதன்று. அதிகாரிகளெல்லாம் மூடிய மதிலுக்குள்ளே, தம்மைப் போன்றவர்களுடன் மட்டும் வளர்ந்தால், படை நாட்டிலிருந்து பிரிந்து தனியொரு சாதியாகிவிடும். மெய்யியலும் இலக்கியமும் கற்று, போரை எதிர்க்கும் மாணவனோடு ஒரே மேசையில் உணவருந்திய ஒருவன் கையிலே துப்பாக்கிகளின் கட்டளை இருப்பது நல்லதல்லவா? அங்கு அதிகாரியாகின்றவன் எடுக்கும் சத்தியமும் கவனிக்கத்தக்கது. சாதாரண படைவீரன் சனாதிபதியினதும் மேலதிகாரிகளினதும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்கின்றான். அதிகாரியின் சத்தியத்திலே அந்த வாசகம் இல்லை. அரசியலமைப்பைக் காப்பேன் என்பதே அதன் மையம். சட்டவிரோதமான கட்டளையை மறுப்பது அவனுடைய கடமையுமாகும்.

திருச்சபையும் படைவீரனைப் பாவி என்று ஒதுக்கியதில்லை. யோர்தான் கரையிலே அருளப்பரிடம் வந்த போர்ச்சேவகரை அவர் தொழிலை விட்டுவிடும்படி சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பறிக்காதிருக்கவே சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், நாட்டின் பாதுகாவலராய்த் தம் பணியை நேர்மையாகச் செய்யும் படையினர் சமாதானத்துக்கு உதவுகின்றனர் என்று கூறியது. ஆனால் அதே பகுதியிலேயே, மனச்சாட்சியின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதத்தன்மையோடு இடமளிக்க வேண்டும் என்றும் அது கூறியது. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் வாசிப்பதில்லை.

எனக்கு இடறுவது இங்கேதான். 1999ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே பதினெட்டு வயதில் இப்பயிற்சியிற் சேர்ந்த ஒருவனை நினைத்துப் பாருங்கள். அன்று பெரும் போர் எதுவும் இல்லை. படிப்பும் நண்பர்களும் எதிர்காலமுமே அவன் கண்முன் இருந்தன. அவன் 2003ஆம் ஆண்டின் கோடை தொடங்குகையிலே பட்டம் பெற்றபோது ஈராக்கிலே படைகள் இறங்கியிருந்தன. அந்தப் போர் வேண்டாமென்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளிப்படையாக மன்றாடியிருந்தார். அந்த இளைஞன் கையெழுத்திட்டபோது கேட்கப்படாத ஒரு கேள்விக்கு இப்போது பதில் சொல்லவேண்டியவனானான்.

இந்தப் போர் நீதியானதா என்று ஒவ்வொரு போரிலும் கேட்கவே கத்தோலிக்கப் போதனை நம்மைப் பழக்குகின்றது. அகுஸ்தீனாரும் தோமையாரும் தந்த அளவுகோலின் பயனே அதுதான். ஆனால் அமெரிக்கச் சட்டம் அந்தக் கேள்வியை ஏற்பதில்லை. எல்லாப் போரையும் எதிர்ப்பவனுக்கு விலக்கு உண்டு. இந்தப் போரை மட்டும் எதிர்ப்பவனுக்கு இல்லை. கட்டாயப் படைச்சேவைக்கு எடுக்கப்பட்ட லூயி நீக்ர் என்ற கத்தோலிக்கர், வியட்நாம் போர் நீதியற்றது, அதிற் பங்குகொள்ளத் தம் விசுவாசம் இடந்தராது என்று வழக்காடினார். 1971ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் எட்டு நீதியரசர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1968இல், இத்தகைய மறுப்புக்குச் சட்டத்தில் இடம் வேண்டுமென்று அமெரிக்க ஆயர்கள் கேட்டிருந்தார்கள். 1973இல் கட்டாயச் சேவை நின்றது. இந்த நிலைமை மாறவில்லை.

அக்காலத்தில் மாணவர்களின் கோபமெல்லாம் இப்பயிற்சிக் குழுக்களின்மேல் திரும்பியது. 1970 மே 2ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழகத்தில் அக்குழுவின் கட்டடம் எரிக்கப்பட்டது. மே 4ஆம் திகதி தேசிய காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஷ்ரோடர் அதே பயிற்சிக் குழுவிற் பயின்றவர். வயது பத்தொன்பது. இச்சம்பவத்தை எந்தக் கட்சிக்குச் சாட்சியாகக் கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசாமலிருக்க முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டணம் சாதாரண குடும்பத்தை வாழ்நாட் கடனாளியாக்கக்கூடியது. அந்தச் சுமையை ஒருவன் நீக்குகிறேன் என்று வந்தால், பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்கின்றானா, பெற்றோரின் முகத்தைப் பார்த்துச் சொல்கின்றானா? சுதந்திரமான சம்மதம் இல்லாத இடத்தில் வாக்குறுதியின் பாரமும் குறையும் என்று குருமடத்திலே படித்தோம். இராணுவத்தின் கணக்கு அப்படிக் குறைவதில்லை. கடமைக்காலம் மொத்தம் எட்டு ஆண்டுகள்; வழக்கமாக அதில் நான்கு முழுநேரச் சேவை. இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும், அல்லது சாதாரண படைவீரனாகப் போகவேண்டியும் வரலாம்.

ஆனால் நான்காண்டுப் புலமைப்பரிசில் பெற்றவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்கின்றது. முதலாம் வருடத்துக்குள் விலகினால் எந்தக் கடனும் இல்லை. இரண்டாம் வருடம் தொடங்கியதும் அவ்வாசல் மூடப்படுகின்றது. அந்த ஒரு வருடத்தை மகன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்று பெற்றோர் கேட்கிறார்களா? புள்ளிகளைத்தான் கேட்கிறோம்.

அந்தத் தாய்க்கு, "இது பாவமில்லை அம்மா" என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "ஆனால் வருகின்ற ஆவணிக்கு முன் அவன் ஒருவரோடு இருந்து கதைக்க வேணும். எந்தக் கட்டளைக்கு 'மாட்டேன்' என்று சொல்லுவான், அதற்கு என்ன விலை கொடுப்பான் என்று இப்பவே யோசிக்க வேணும்" என்றேன். அவருடைய முகம் மீண்டும் வாடியது. "நீங்களே எழுதித் தாங்கோ சுவாமி, நான் சொன்னால் சிரிப்பான்" என்றார்.

இரண்டு இரவுகள் இருந்து எழுதினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே ஆங்கிலத்தில்.