பிடிக்காததும் விலக்கப்பட்டதும்

உணவைப் பற்றி மனிதர்களுக்குள் எழும் சச்சரவைப் போல அற்பமானதும் இல்லை. அதைப் போல நெடுநாள் மனத்தில் தங்குவதும் இல்லை.

நம் வீடுகளில் நடப்பதைத்தான் சொல்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றுக்கு உள்நாட்டு ஊரிலிருந்து மருமகள் வந்து சேருகிறாள். பிறந்த வீடு ஹனபி. புகுந்த வீடு ஷாபிஈ. வந்த முதல் வாரத்திலேயே இறால் ஆணம் வைக்கிறார்கள். சஹனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் கை மட்டும் வெறும் சோற்றோடு நின்றுவிடுகிறது. "ஏம்மா, நாங்க என்ன ஹராத்தையா வச்சிட்டோம்?" என்கிறார் மாமியார். அவள் வாய் திறக்கவில்லை. தாய் வீட்டுக்குப் போன இடத்திலோ, "அந்த ஊர்க்காரங்க கடல்ல ஊர்றதையெல்லாம் திங்கிறவங்க" என்று அவளைப் பெற்றவர் சொல்கிறார். ஒரு கிண்ணம் ஆணத்தில் இரண்டு குடும்பங்களின் மரியாதை மூழ்கிப் போகிறது.

அவள் ஏன் உண்ணவில்லை? மார்க்கச் சட்டம் கருதியா? பழக்கமின்மையாலா? அதை யாரும் கேட்கவில்லை. அவளுக்கே கூட அது தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். ஷாபிஈ மத்ஹபில் இறால் தடையின்றி ஆகும். ஹனபி மத்ஹபில் கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா என்பதில் அந்த மத்ஹபின் ஆலிம்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. இவ்வளவு நுட்பமான ஒரு விஷயம், சஹனுக்கு வந்தவுடன் "சுத்தம்", "அசிங்கம்" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது.

எனவே கேள்வி இதுதான்: எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும், அது கூடாது என்பதற்கும் என்ன தொடர்பு? என் அருவருப்புக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு?

இதற்கு விடை தரும் ஒரு நிகழ்ச்சியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுடப்பட்ட 'ளப்பு' ஒன்று உணவாக வைக்கப்பட்டது. அன்னையின் சகோதரி ஹுஃபைதா (ரலி) அதனை நஜ்திலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். இன்ன உணவு என்று சொல்லப்படாமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரும்பாலும் உணவில் கை வைப்பதில்லை. அன்று அவர்களின் திருக்கரம் நீண்டது. அங்கிருந்த பெண்களில் ஒருவர், வைத்திருப்பது என்னவென்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லப்பட்டதும் நாயகம் அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று கேட்டார்கள். ஹராமில்லை, தம் சமூகத்தார் வாழும் மண்ணில் இது இல்லாததால் தம் மனம் இதனை விரும்பவில்லை என்பதே நாயகம் அவர்கள் தந்த விடையின் கருத்து. காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து வைத்து உண்டார்கள். நாயகம் அவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

தமிழில் இந்தப் பிராணியை 'உடும்பு' என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் ளப்பு என்பது பாலையில் வாழும் முள்வால் பல்லி. பெரும்பாலும் செடிகொடிகளைத் தின்பது. நம் ஊர் உடும்போ மாமிசம் தின்பது; அரபியில் அதற்கு வேறு பெயர். நம் நாட்டுச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் குற்றம். ளப்பின் சட்டத்திலும் இமாம்கள் வேறுபட்டார்கள். ஷாபிஈ மத்ஹபில் அது ஆகும். ஹனபி மத்ஹபில், வேறு அறிவிப்புகளைக் கொண்டு, மக்ரூஹ் என்றார்கள். அந்த ஆராய்ச்சி ஆலிம்களுக்கு உரியது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது நாயகம் அவர்களின் நடத்தையை.

அவர்கள் முகம் சுளிக்கவில்லை. கொண்டு வந்தவரைக் குறை கூறவில்லை. மறுப்புக்கான காரணத்தை உணவின் மீது சுமத்தாமல், தம் பழக்கத்தின் மீதே வைத்தார்கள். தம் கண்ணெதிரே மற்றவர் உண்பதற்கு இடமும் கொடுத்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! எந்த மனிதரின் விருப்பு வெறுப்பைச் சட்டமாக ஏற்க ஒரு சமுதாயமே காத்து நின்றதோ, அந்த மாமனிதர் தம் சொந்த வெறுப்பைச் சட்டமாக்க மறுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, என் நாக்குக்கும் உங்கள் நாக்குக்கும் அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: "அருவருப்பானவற்றை மார்க்கம் ஹராமாக்கியிருக்கிறதே! அல்அஃராஃப் அத்தியாயத்தில், தூயவற்றை ஆகுமாக்கி, கெட்டவற்றை விலக்குபவர் என்றல்லவா நபியவர்கள் வர்ணிக்கப்படுகிறார்கள்!" நியாயமான கேள்விதான். தெளிவான ஆதாரம் கிடைக்காத பிராணிகளின் விஷயத்தில், நல்லியல்புள்ள அரபு மக்கள் அருவருத்தார்களா என்பதை ஷாபிஈ மத்ஹபின் ஆலிம்கள் ஓர் அளவுகோலாகவே கொண்டார்கள். ஆனால் அது ஒரு சமூகத்தின் இயல்பைச் சட்ட வல்லுநர்கள் நிறுத்துப் பார்த்த முறை. தனி மனிதர் ஒவ்வொருவரும் தத்தம் வயிற்றைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கான அனுமதி அல்ல.

அருவருப்பு ஊருக்கு ஊர் மாறுவது. வெட்டுக்கிளியைப் பாருங்கள். நபியவர்களுடன் ஆறு அல்லது ஏழு போர்களில் கலந்து கொண்டபோது வெட்டுக்கிளியை உண்டதாக அப்துல்லாஹ் பின் அபீஅவ்ஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். அறுக்காமலே உண்ணத் தக்கது அது. ஹலால் என்பதில் ஐயமே இல்லை. ஆயினும் நம் வீட்டில் ஒரு தட்டு வெட்டுக்கிளியை வறுத்து வைத்தால் எத்தனை பேர் இருந்த இடத்தில் இருப்போம்? அதே வெட்டுக்கிளியை உணவாக விற்க 2021-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி வழங்கியது. ஆட்டுக் குடலை நாம் ஆவலோடு சமைக்கிறோம். அந்த வாடையையே தாங்காதவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பன்றி இறைச்சியை ஏன் உண்பதில்லை என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "சீ, அசிங்கம்!" என்கிறார்கள். அல்லாஹ் விலக்கியிருக்கிறான் என்பதல்லவா முதல் விடையாக இருக்க வேண்டும்? குமட்டல் தடுத்ததற்குக் கீழ்ப்படிதல் என்று பெயரிட முடியுமா? நோன்பில் பசித்தவன் முன்னே தண்ணீர் இருக்கிறது. அது அவனுக்கு அருவருப்பில்லை, இனிக்கிறது. ஆயினும் கட்டளைக்காக நிறுத்திக் கொள்கிறான். கீழ்ப்படிதல் அங்கேதான் தெரிகிறது. அருவருப்பை மட்டும் காவலாக வைத்து வளர்த்த பிள்ளை, இனிக்கும் ஹராம் எதிரே வரும்போது எதைக் கொண்டு தன்னைத் தடுத்துக் கொள்ளும்? வட்டிப் பணத்தில் வாடை வீசுவதில்லையே!

ஆகவே இரண்டு மறுப்புகளையும் பிரித்துப் பழகுவோம். மார்க்கம் விலக்கியதை, யார் வைத்தாலும், பணிவோடும் உறுதியோடும் மறுப்போம். முஸ்லிமல்லாத நண்பர் அன்போடு ரத்தப் பொரியலை எடுத்து வைத்தால், "எங்கள் மார்க்கத்தில் இது கூடாது" என்ற ஒரு வாக்கியம் போதும். முகச் சுளிப்பு தேவையில்லை. நமக்குப் பிடிக்காததை, "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லி நகர்த்தி வைப்போம். அப்படி நகர்த்தி வைப்பவரை வற்புறுத்தவும் வேண்டாம். அந்த மருமகளின் கை நின்றபோது, "பரவாயில்லைம்மா, உனக்கு முட்டை பொரிச்சுத் தர்றேன்" என்று மாமியார் சொல்லியிருந்தால் எந்த மத்ஹபும் குறைந்து போயிருக்காது.

கடைசியாக ஒன்று. உணவில் மனிதனுக்குள்ள அருவருப்பை அல்லாஹ் திருக்குர்ஆனில் ஒரு பாடத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறான். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆவது வசனத்தில், புறம் பேசுவதை இறந்து போன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டு, அதை நீங்கள் வெறுப்பீர்கள் அல்லவா என்று உணர்த்துகிறான். சம்பந்தி வீட்டு இறாலைப் பார்த்து மூக்கைப் பொத்திக் கொள்கிற நாம், அந்தச் சம்பந்தியைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசும்போது எதை மென்று கொண்டிருக்கிறோம்?

அருவருக்க வேண்டியதை அருவருக்கவும், ஆகுமாக்கப்பட்டதை ஆகுமென்று மதிக்கவும், நம் நாவை இரு வகையிலும் பேணிக் கொள்ளவும் வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.