நெடும்பிணியும் தொழிற்கடனும்

உடம்பொடு கூடிய உயிர்க்கு நோய் புதிதன்று. வந்து சின்னாளில் நீங்கும் நோயும் உண்டு. வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனுறையும் நோயும் உண்டு. சுரம் முதலாயின முன்னைய வகையின. நீரிழிவு, ஈளை, முடக்குவாதம், வலிப்பு முதலாயின பெரும்பாலும் பின்னைய வகையின. முன்னையதற்குக் கிடந்து ஆறுதலே விதி. பின்னையதற்கு அவ்விதி செல்லாது. என்னை? முற்றும் ஆறி எழும் நாள் என ஒன்று அதற்கு இன்மையின் என்க. ஆகவே, நெடும்பிணியுடையான் தொழில் செய்து வாழ்தல் வேண்டுமா, வேண்டின் அத்தொழிலை எம்முறையால் தேர்தல் வேண்டும், அவனைச் சூழ்ந்தார்க்குரிய கடன் யாது என்னும் மூன்றும் ஆராயற்பாலன.

இவ்வினா இக்காலத்து மிகுந்து எழுதற்குக் காரணம் மருத்துவத்தின் வளர்ச்சியேயாம். 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரிலே பாண்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலின் என்னும் மருந்தைக் கண்டனர். அடுத்த ஆண்டில் அது நோயுற்ற சிறுவனொருவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. அதற்குமுன் இளமையிற் கடிய நீரிழிவு உற்றார் நெடிது வாழ்ந்திலர். இன்று அவர் கற்று, மணந்து, மக்களைப் பெற்று, முதுமை எய்துகின்றனர். நோய் தீர்ந்திலது, உயிரும் நீங்கிற்றிலது. இங்ஙனம் நீண்ட வாழ்நாளை எதனால் நிரப்புவது என்பதே அவர்முன் நிற்கும் வினா.

இனி, "நோய் பழவினைப் பயன்; நுகர்ந்தே கழித்தல் வேண்டும்; அதற்கு இசைய வாழ்வழி தேடுதல் வினையோடு மாறுகொள்வதாம்" என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. பிராரத்தம் இன்பதுன்ப நுகர்ச்சியைத் தருவது உண்மையே. ஆயின், அத்துன்பத்தின் நடுவே ஒருவன் எங்ஙனம் ஒழுகுகின்றான் என்பது ஆகாமியத்தின்பாற்படும். நோய் வந்தது முன்னை வினையாலாயினும், நோயிடை நின்று அவன் செய்யும் முயற்சி இன்றைய வினையேயாம். திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்தபொழுது, உடன்வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அவர் அதனை வினையென்று சொல்லி வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் ஓதி அதனை நீக்கினார். வினைக்கொள்கை பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்கு ஏற்பட்டதன்று என்பது இதனாற் பெறப்படும்.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் பொருட்டு இறைவனால் தரப்பட்டன என்பது சித்தாந்தம். எனவே உடம்பு உயிர்க்கு இரவலாகக் கிடைத்த கருவியாம். இரவற் கருவியை அளவின்றி வருத்தி முறித்தலும் பிழை; எடுத்தாளாது துருவேற விடுதலும் பிழை. நெடும்பிணியுடையான் இவ்விரு பிழைக்கும் இடையே நடக்கவேண்டியவனாகின்றான்.

அற்றேல், எளிய தொழிலை நாடுதல் மடியாகாதோ எனின், ஆகாது. செய்ய வல்லதைச் செய்யாது விடுதல் மடி. செய்ய வொண்ணாததை விடுத்து வல்லதைப் பற்றுதல் அளவறிதல். இரண்டும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும். நோயின் வலி பிறர் கண்ணுக்குப் புலப்படாமையின் சுற்றத்தார் அளவறிதலையே மடியென்று பழிப்பர். நோயுற்றானும் அப்பழிக்கு அஞ்சி ஒருநாள் மிகையாக உழைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையிற் கிடப்பன். மூன்று நாளின் உழைப்பைக் கூட்டிப் பார்ப்பின் நாள்தோறும் சிறிதாகச் செய்தவன் உழைப்பே பெரிதாதல் விளங்கும். ஆதலின், தன் ஆற்றலை நல்ல நாளைக்கொண்டு அளத்தல் தகாது. தீய நாளிலும் எவ்வளவு இயலும் என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

தொழிலைத் தேரும் முறைக்குத் திருவள்ளுவனாரின் வலியறிதல் என்னும் அதிகாரமே போதிய விளக்காம். செய்யும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையாவார் வலி என நான்கனையும் எடையிட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து. அஃது அரசர்க்குக் கூறியதாயினும் பிணியுடையார்க்கும் ஒக்கும். இங்கு மாற்றான் என்பது நோய். அதன் இயல்பை அறிந்தன்றித் தொழிலைத் தெரிதல் இயலாது. முடக்குவாதத்தில் விடியற்காலத்தே மூட்டுக்கள் இறுகி, ஒருமணி நேரத்திற்கு மேலும் நெகிழாது நிற்கும்; அந்நோயுடையார்க்கு வைகறைப் பணி கொடிது, பிற்பகற் பணி இயல்வது. ஈளையுடையார்க்குப் பஞ்சுத் தூசும் மாவுத் தூசும் புகையும் பகை. இன்சுலின் ஏற்றுக்கொள்வார் வேளை தவறாது உண்ணவேண்டுதலின், இடைவேளையற்ற பணி அவர்க்கு இடர். வலிப்புடையார் நெருப்பண்மையும் உயரமும் ஆழ்நீர்க் கரையும் சுழலும் பொறியும் நீக்கத்தக்கார். எனவே எளிய தொழில் இதுவென்று எல்லார்க்கும் பொதுவாக ஒன்றைச் சுட்டல் ஆகாது. குழித்தறியில் மிதி மிதிக்க முழங்கால் இடந்தராத நெசவாளன் அதே வீட்டில் தார் சுற்றி வாழ்தல் கூடும். விரல் முடங்கியவனுக்கோ அந்தத் தார் சுற்றலே அரிய தொழிலாம்.

இங்கு இடைநிற்பது மானம். நேற்றுத் தறியில் அமர்ந்தவன் இன்று தார் சுற்றுவதோ என்றும், பத்துப்பேரை ஏவியவன் கடையிற் கணக்கெழுதுவதோ என்றும் உள்ளம் கூசும். கூலி குறைதலும் உண்மை. கடனும் மக்கள் கல்விச் செலவும் குறைவதில்லை. இவ்விடர்ப்பாட்டைச் சிறிதென்று கூறுதல் அறியாமை. ஆயின் மானம் என்பது தன் நிலையினின்று தாழாமையேயன்றித் தொழிலின் பெயரில் நிற்பதன்று. இயலாத தொழிலைப் பற்றி நின்று உடம்பை முறித்துக்கொண்டு, பின்னர் எல்லாவற்றிற்கும் பிறர் கையை எதிர்பார்த்தலினும், இயன்றதைச் செய்து நிற்றலே மானமுடைமையாம்.

திருவாரூர்த் தண்டியடிகள் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. பிறவியிலேயே கண்ணொளி பெறாத அவர், திருக்கோயிலின் மேற்பாலுள்ள குளம் தூர்ந்து குறைதலை அறிந்து, அதனைத் தோண்டத் தொடங்கினார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அதனைத் தடவி நடந்து மண் சுமந்தார். காட்சி பெற்றபின் தொண்டு செய்வேன் என்று அவர் காத்திருந்தாரல்லர். காட்சியின்மை இல்லாததுபோல் நடந்தாருமல்லர். குறையைக் குறையென்று ஏற்று, அதற்கு ஏற்ற கயிற்றைக் கட்டிக்கொண்டார். நோயுடையார் ஒவ்வொருவரும் தமக்குரிய கயிறு எதுவென்று தேர்தல் வேண்டும். அமர்ந்து செய்ய ஒரு பலகையும், மருந்துண்ண ஒரு நாழிகையும், நேரம் மாற்றிய பணியுமே சிலர்க்குக் கயிறாகும்.

இனி, வேலை தருவார்க்கு நோயை உரைத்தல் வேண்டுமோ எனின், வாய்மையின் இயல்பை நோக்கி விடை கூறல் வேண்டும். மறைத்தலாற் பிறர் உயிர்க்குக் கேடு வருமாயின் உரைத்தே தீரவேண்டும். வலிப்புடையான் அதனை ஒளித்துப் பலரை ஏற்றிய ஊர்தியைச் செலுத்துதல் அறமாகாது. தனக்கு வேண்டும் உதவியைக் கேட்குமிடத்து அதற்கு வேண்டுமளவு உரைத்தல் தகும். இவ்விரண்டும் இல்வழித் தன் உடம்பின் செய்தியை எல்லார்க்கும் பறைசாற்றும் கடன் ஒருவனுக்கு இல்லை. மெய்யுரைத்தவனை அதன் பொருட்டே தள்ளிவிடுவாராயின், ஏனையோர்க்கும் பொய் கற்பிக்கும் குற்றம் தள்ளியவரையே சாரும்.

துணையாவார் கடனும் இங்குக் கூறற்பாலது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணுகின்றது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும், குருதியுறையாமையும், அரிவாள் உயிரணு நோயும் அவற்றுள் அடங்கும். பணிக்காலத்தில் குறைபாடு எய்திய ஊழியரை அரசு நிறுவனம் நீக்குதலும் பதவி தாழ்த்துதலும் ஆகா. முன்னைய பணிக்கு இயலாதாரை அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்றுதல் வேண்டும் என்பது அதன் விதி. நன்றே. ஆயினும் நீரிழிவும் ஈளையும் தம் பெயரால் அவ்வெண்ணில் இடம்பெற்றில. சிறு கடைக்கும் கூலிக் களத்திற்கும் அவ்விதி எளிதிற் செல்வதுமில்லை. சட்டம் செல்லாத இடத்தில் அறமே செல்லவேண்டும். மனைத்தொழில் செய்யும் மகளிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் தொழிற்கு விடுமுறையுமில்லை, மாற்றாளுமில்லை. முடங்கிய விரலோடு மாவரைக்கும் மனைவியைக் கண்டு கணவனும் மக்களும் அத்தொழிலைப் பகிர்ந்துகொள்ளாராயின், அவர் ஆற்றும் பூசனை பயன்படுமாறு எங்ஙனம்?

இறுதியாக, எத்தொழிலும் இயலாத நிலையுற்றாரும் உளர். தொழிலே மேன்மையாயின் அவர் கீழோராவரோ எனின், ஆகார். உயிரின் மதிப்புக் கூலியில் நிற்பதன்று. திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடையாமையின் மனத்தினுள்ளேயே கோயிலெடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குறித்த நாளிலே, இறைவன் அம்மனக் கோயிலுக்கே முன்னர் எழுந்தருளினான் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தார். கையால் இயல்வார் கையாலும், இயலாதார் கருத்தாலும் தத்தம் பணியைச் செய்க. இயன்றதைச் செய்யும் பிணியாளனை மடியனென்றும், இயலாதானைச் சுமையென்றும் கூறாமை ஏனையோர்க்குரிய பணியாம். அப்பணிக்கு எவ்வுடம்பும் இடந்தரும்.